கழுத்து மின்தூண்டலை வீட்டிலேயே கொடுக்கலாமா? எந்தக் கருவி, எங்கே ஒட்டுவது?

செந்தூல்_மகள்:

வணக்கம். அம்மாவுக்கு 66 வயது. நான்கு மாதத்துக்கு முன் ஸ்ட்ரோக். வலப்பக்கம் பலவீனம், பேச்சில் குழறல், விழுங்குவதில் சிரமம். இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு, மருந்தில் அடங்கியிருக்கின்றன. பேஸ்மேக்கர் இல்லை, வலிப்பு வந்ததில்லை, கழுத்தில் அறுவையோ கட்டியோ இல்லை. மூக்குக் குழாயை எடுத்து ஏழு வாரம் ஆகிறது.

குழாய் எடுத்த மறுவாரம் செய்த பேரியம் வீடியோ (விழுங்குவதை எக்ஸ்ரேயில் படம்பிடிப்பது) அறிக்கை: குரல்வளை மேலே ஏறுவது குறைவு. விழுங்கிய பிறகும் குரல்வளையின் இரு பக்கக் குழிகளில் மிச்சம் தேங்குகிறது. தண்ணீர் குரல் நாண்களைத் தாண்டி மூச்சுக்குழலுக்குள் இறங்குகிறது, இருமுகிறார், ஆனால் வெளியே வரவில்லை. ஊடுருவல் அளவுகோலில் (1 முதல் 8 வரை, கூடக்கூட மோசம்) 7. இப்போதைக்கு, உணவு பானங்களின் பதத்தைக் குறிக்கும் ஐடிடிஎஸ்ஐ அளவில், திரவம் நிலை 2 (லேசான கெட்டி), உணவு நிலை 5 (பொடியாக நறுக்கி ஈரமானது).

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்பீச் தெரபி ஆறு வாரத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கிறது. இடைப்பட்ட நாளில் வீட்டில் மின்தூண்டல், அதாவது கழுத்துத் தோலில் தகடு ஒட்டி விழுங்கும் தசைக்கு லேசான மின்சாரம், கொடுக்கலாமா என்று யோசிக்கிறோம். இணையத்தில் இரண்டு வகை பார்த்தேன். ஒன்று வலி குறைக்கப் பயன்படும் சாதாரண டென்ஸ் கருவி, நான்கு ஒட்டுத்தகடுகளோடு நூறு வெள்ளிக்குள். இன்னொன்று விழுங்கலுக்கென்றே விற்பது, விலை பல மடங்கு. இரண்டிலும் வருவது ஒரே மின்சாரம்தானே? எங்கே ஒட்டுவது, எத்தனை நிமிடம்?

விழுங்கல்_தெரபிஸ்ட்_கேஎல்:

அறிக்கையையும் சேர்த்துப் போட்டது நல்லது. "தொண்டையில் இறங்கவில்லை" என்று மட்டும் எழுதினால் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. எங்கே ஒட்டுவது என்ற கேள்விக்குப் பதிலே அந்த அறிக்கையில்தான் இருக்கிறது.

விழுங்கும் நொடியில் நாவடி எலும்பு (நாக்கின் அடியில், குரல்வளைக்கு மேலே உள்ள சிறு எலும்பு) மேலேயும் முன்னேயும் இழுபட வேண்டும். அதோடு குரல்வளையும் ஏறி, மூச்சுப் பாதை மூடி, உணவுக்குழலின் மேல்வாய் திறக்கும். இழுப்பவை தாடைக்குக் கீழே உள்ள தசைகள். அம்மாவுக்குக் குறைவாக இருப்பது இந்த இழுப்புதான். பக்கக் குழிகளில் தேங்குவதற்கும் அதுவே காரணமாகலாம்: இழுப்பு போதவில்லை என்றால் மேல்வாய் முழுசாகத் திறக்காது.

இப்போது தகட்டை நாவடி எலும்புக்குக் கீழே, குரல்வளையின் இரு பக்கத்திலும் ஒட்டினால் என்ன ஆகும்? அங்கே தோலுக்கு அடியில் முதலில் இருப்பது நாவடி எலும்பைக் கீழே இழுக்கும் தசை. குரல்வளையை ஏற்றிவிடும் தசை அதற்கும் அடியில் இருக்கிறது. தோல்மேல் கொடுக்கும் மின்சாரம் மேலடுக்கைத்தான் முதலில் பிடிக்கும். 2007ல் லட்லோ குழுவினர் நாட்பட்ட விழுங்கல் கோளாறு உள்ளவர்களை வீடியோவில் பார்த்தபோது, சும்மா இருக்கும் நேரத்தில் தசை சுருங்கும் அளவுக்குத் தூண்டினால் நாவடி எலும்பு கீழே இறங்கியது. அம்மாவுக்கு வேண்டியதற்கு நேர் எதிர். இதையே சில தெரபிஸ்டுகள் வேண்டுமென்றே எடைதூக்கும் பயிற்சி மாதிரிப் பயன்படுத்துவார்கள்: கீழே இழுக்கும் மின்சாரத்தை எதிர்த்து நோயாளி பலமாக விழுங்க வேண்டும். அதை வீடியோ அறையிலோ கிளினிக்கிலோ பார்த்துச் செய்யவேண்டும். வீட்டில் தனியாகத் தொடங்குகிற வேலை இல்லை.

அம்மாவின் அறிக்கைக்குப் பொருந்துவது தாடைக்கு அடியில், நடுக்கோட்டின் இரு பக்கத்திலும் ஒவ்வொரு தகடு. அதையும் அவருடைய தெரபிஸ்ட் ஒருமுறை ஒட்டி, பேனாவால் எல்லை வரைந்து, போனில் படம் எடுத்துக் கொடுக்கட்டும். கழுத்தின் பக்கவாட்டுக்கு மட்டும் போகவே கூடாது. குரல்வளையின் மேல் விளிம்பு மட்டத்தில், பக்கத்துப் பெரிய தசையின் முன் ஓரத்தில், தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி பிரிகிறது. அங்கே தூண்டினால் நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று விழலாம். வீட்டில் நேரும் தவறுகளில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

அளவுகளில் இரண்டு வழக்கம் உண்டு. 2001ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வைட்டல்ஸ்டிம் முறையில் 80 ஹெர்ட்ஸ், 300 மைக்ரோவினாடி துடிப்பு, கிட்டத்தட்ட விடாமல் ஒரு மணி நேரம். மற்றொரு வழக்கம் தாடைக்கு அடியில் மட்டும், 30 ஹெர்ட்ஸ், 5 வினாடி ஓட்டம், 25 வினாடி ஓய்வு, மொத்தம் 30 நிமிடம். பழகப் பழக ஓய்வு 20, 15 என்று குறையும். அரை மணி நேரத்தில் முதலில் 60 விழுங்கல் கிடைக்கும், பிறகு 72, 90 என்று ஏறும். வீட்டுக்கு நான் இரண்டாவதைத்தான் விரும்புவேன். மின்சாரம் வரும் நேரமும் விழுங்கும் நேரமும் ஒன்றாக வருவதால் பக்கத்தில் இருப்பவருக்குக் கணக்கு தெளிவாகத் தெரியும். அம்மாவுக்கு எது, எத்தனை மில்லி ஆம்பியர் என்பதை இங்கே யாரும் சொல்லக் கூடாது, நானும் சொல்லமாட்டேன்.

தகட்டை ஒட்டிவிட்டு டிவி பார்க்க உட்கார வைத்தால் பயனில்லை. ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு விழுங்கல் இருக்கவேண்டும். 2016ல் லாங்மோர் தலைமையில் வந்த ஆய்வு வீட்டுப் பயிற்சியைத்தான் சோதித்தது. தலை கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்கள், நாளைக்கு இரண்டு வேளை, வாரம் 6 நாள், 12 வாரம். ஒரு பிரிவுக்கு உண்மை மின்சாரம், மறு பிரிவுக்குப் போலி. பயிற்சி இருவருக்கும் ஒன்றே. மின்சாரம் பெற்றவர்களுக்குக் கூடுதல் நன்மை எதுவும் கிடைக்கவில்லை, ஊடுருவல் மதிப்பெண்ணில் அவர்கள் பின்தங்கவும் செய்தார்கள். கதிர்வீச்சில் இறுகிய தசை வேறு, ஸ்ட்ரோக் வேறு, அதனால் அந்த முடிவை அப்படியே அம்மாவுக்குப் போடமுடியாது. ஸ்ட்ரோக்கில் வழக்கமான பயிற்சியோடு மின்தூண்டலும் சேர்ந்தால் ஓரளவு பலன் கூடுவதாகத் தொகுப்பாய்வுகள் சொல்கின்றன, ஆனால் அவற்றில் உள்ளவை சின்னச் சின்ன ஆய்வுகள். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பும் 2018ல் ஸ்ட்ரோக் நோயாளிகளுக்குப் பெரிய பாதுகாப்புக் கவலை இல்லை, பலன் இருக்கலாம், ஆனால் அதற்கான சான்று குறைவு என்றுதான் எழுதியது.

ஆகவே கருவி வாங்கும் முன்பே, இன்றே கேட்டுத் தொடங்கக்கூடியவை: பலமாக விழுங்குதல், அதாவது நாக்கை அண்ணத்தில் அழுத்தித் தொண்டைத் தசை முழுவதையும் இறுக்கி விழுங்குவது. அடுத்து தாடைப் பந்து. 12 செண்டிமீட்டர் அளவுள்ள காற்றடைத்த மெத்தென்ற ரப்பர் பந்தைத் தாடைக்கும் மார்புக்கும் இடையில் வைத்து, உட்கார்ந்தபடி அழுத்த வேண்டும். முழு அளவு என்பது 60 வினாடி பிடிப்பு மூன்று முறை, பிறகு அழுத்தி விடுவது 30 முறை. முதல் வாரத்தில் 60 வினாடி யாருக்கும் வராது, 10, 15 என்று ஏற்றுங்கள். மூச்சை அடக்கி முக்கி விழுங்கும் முறையை யூடியூப் பார்த்துச் செய்ய வேண்டாம். ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு அதில் இதயத் துடிப்பு தடுமாறியது பதிவாகியிருக்கிறது. நாக்கை நீட்டிப் பல்லால் கடித்துக்கொண்டு விழுங்குவதும் ஒரு பயிற்சிதான், அதை வாயில் உணவோடு ஒருபோதும் செய்யக்கூடாது.

கருவி_பட்டர்வொர்த்:

"ஒரே மின்சாரம்தானே" என்ற கேள்விக்கு: இல்லை அக்கா.

மலிவுக் கருவியில் திரையில் "லெவல் 1 முதல் 20" என்று இருக்கும். ஒரு லெவல் எத்தனை மில்லி ஆம்பியர் என்று எங்கேயும் எழுதியிருக்காது. தெரபிஸ்ட் "7 மில்லி ஆம்பியர் வையுங்கள்" என்றால் எதை அழுத்துவீர்கள்? அடுத்தது அலையின் வடிவம். இரு திசையிலும் சமமாகப் போய்வரும் அலை வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் தகட்டின் அடியில் காரமும் (அல்கலி) அமிலமும் சேர்ந்து தோல் வெந்துபோகும். அது சூட்டுப் புண் இல்லை, ரசாயனப் புண், ஆற நாளாகும். இனிப்பு நீர் இருப்பவருக்குச் சொல்லவே வேண்டாம். மூன்றாவது, "மசாஜ்", "தட்டல்" போன்ற மோடுகளில் அளவு தானாக ஏறி இறங்கும். முதுகுக்குச் சரி, கழுத்துக்கு ஆகாது. டென்ஸ் கருவிகளின் கையேட்டிலேயே கழுத்தின் முன்பக்கம் ஒட்டாதே, மூச்சுப் பாதை இறுகலாம் என்று எச்சரிக்கை அச்சடித்திருக்கும். பெட்டியோடு வருகிற அந்தத் தாளை யாரும் பிரிப்பதில்லை.

தகட்டின் அளவு முக்கியம். டென்ஸ் தகடு 5க்கு 5 செண்டிமீட்டர், பரப்பு 25. தாடைக்கு அடியில் போடும் வட்டத் தகடு 2 செண்டிமீட்டர் விட்டம் என்றால் பரப்பு சுமார் 3. அதே மின்சாரம் எட்டு மடங்கு நெருக்கமாக இறங்கும். பெரிய தகட்டைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போடலாம் என்று நினைக்காதீர்கள். உள்ளே உள்ள கரி அடுக்கின் விளிம்பு வெளியே வந்துவிடும், அந்த ஓரத்தில்தான் சுருக் சுருக்கென்று குத்தும். சரியான தகடே பாதி உரிந்து நின்றாலும் மீதிப் பாதியில் நெருக்கம் இரட்டிப்பாகும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் உரிவதுதான் பெரிய தொல்லை. தோலைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, துண்டால் ஒற்றி, முழுக்கக் காய விடுங்கள். பவுடர், சந்தனம், தேங்காய் எண்ணெய் எதுவும் கூடாது. கோடாலித் தைலம் தேய்த்திருந்தால் அன்று விட்டுவிடுங்கள். எண்ணெய் பிசின் ஒட்டாமல் செய்யும், தைலத்தால் தோல் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும், எந்த எரிச்சல் எதனால் என்று அம்மாவால் பிரித்துச் சொல்லமுடியாது. அறையில் ஏர்கான், இல்லையென்றால் காற்றாடி. முடிந்ததும் தகட்டை அதன் பிளாஸ்டிக் தாளில் ஒட்டி, ஜிப் பையில் போட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஐஸ் பெட்டியில் அல்ல. ஒட்டு போய்விட்டால் தூக்கிப் போடுங்கள். செலோடேப் போட்டு அழுத்துவது சிக்கனம் இல்லை. ஒருவர் தகடு ஒருவருக்குத்தான்.

பேட்டரி தீரும்போது ஓட்டம் குறையும், நாம் அளவை ஏற்றிக்கொண்டே போவோம். புதுப் பேட்டரி போட்டதும் அதே அளவில் உதறிவிடும். எப்போதும் சைபரிலிருந்து தொடங்குங்கள். சார்ஜ் ஏற்றும் வகை என்றால் சார்ஜரில் செருகியபடி உடம்பில் மாட்டக் கூடாது. 240 வோல்ட் சுவர் மின்சாரத்துக்கும் அம்மா கழுத்துக்கும் நடுவில் ஒரு மலிவு அடாப்டரை நம்பவேண்டாம். அம்மாவுக்கு ஒட்டும் முன் உங்கள் முன்கையில் ஒட்டிப் பாருங்கள்.

வாங்கும்போது மருத்துவக் கருவி ஆணையத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே விற்கும் மருத்துவக் கருவிக்குப் பதிவு இருக்கவேண்டும். இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். எண் தராத கடையில் வாங்காதீர்கள்.

ஓய்வுபெற்ற_தாதி:

கருவிப் பேச்சில் வாயை மறந்துவிடாதீர்கள் மகளே. நுரையீரலில் இறங்குவது தண்ணீர் மட்டும் என்றால் பாதிச் சங்கடம்தான். அழுக்கு வாயின் கிருமியும் கூடவே இறங்குவதால்தான் நிமோனியா. பயிற்சிக்கு முன்னும் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் மெல்லிய பிரஷ்ஷால் பல், ஈறு, நாக்கு மூன்றும். பல்செட் இருந்தால் ராத்திரி கழற்றிக் கழுவி வையுங்கள். பலவீனமான பக்கக் கன்னத்துக்குள் சோறு ஒளிந்திருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள்.

பயிற்சி நேரம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, நிமிர்ந்த நாற்காலியில். கட்டிலில் சாய்த்து வேண்டாம். முதல் சில நாள் தொடங்கும் முன் நாடியும் ரத்த அழுத்தமும், ஐந்தாவது நிமிடத்தில் ஒருமுறை, முடிந்ததும் ஒருமுறை. விரலில் ஆக்சிஜன் மீட்டரும் மாட்டிவைத்தால் உள்ளே இறங்கினால் தெரிந்துவிடும்.

சாப்பாடு நிலை 5 என்றால் பெரியவர்களுக்குக் கட்டி 4 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, முள்கரண்டியின் இரு பல்லுக்கு நடுவில் உள்ள இடைவெளி அளவு. நம் வீடுகளில் தவறு நடப்பது சோறும் ரசமும்தான். "தண்ணியா இருந்தா இறங்கும்" என்று ஊற்றிக் கொடுப்பார்கள். ரசம் முன்னால் ஓடிவிடும், சோறு பின்னால் நிற்கும். மோர்ச்சோறும் அப்படியே. கஞ்சியைக் குழைய வேகவைத்து மசித்து, மேலே தண்ணீர் தனியாகப் பிரியாமல் கொடுக்கவேண்டும். இட்லியைக் கெட்டிச் சாம்பாரில் ஊறவைத்து மசிக்கலாம். ரொட்டிச் சானாய், பிரெட், மீகூன் ஆகாது. ஐஸ்கிரீம் வாயில் உருகித் தண்ணீராகிவிடும், அதுவும் ஆகாது.

செந்தூல்_மகள்:

எல்லாருக்கும் நன்றி. மூன்று சந்தேகம். அம்மா தாலிச் சங்கிலியைக் கழற்றமாட்டேன் என்கிறார். தே தாரிக்கில் கெட்டிப்பொடி போட்டால் முதலில் தண்ணீராக இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் களி மாதிரி ஆகிவிடுகிறது. ஓட்டம் வரும்போது வாயில் எதைக் கொடுத்து விழுங்க வைப்பது?

கருவி_பட்டர்வொர்த்:

சங்கிலி தகட்டிலோ ஈரத் தோலிலோ தொட்டால் மின்சாரம் அதன் வழியாகத் தாவும், தொடும் இடத்தில் சுடும். தாடைக்கு அடியில் மட்டும் ஒட்டுவதால் சங்கிலியை முன்பக்கமாக இறக்கி, ரவிக்கைக்கு உள்ளே விட்டு, மேலே ஒரு சின்னத் துண்டைச் சுற்றினால் போதும். அம்மா தலையைக் குனியும்போது ஏறி வராமல் ஊக்கு குத்திவிடுங்கள். தாலியை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றச் சம்மதித்தால் இன்னும் நல்லது, கழுத்தைச் சுற்றி உலோகமே இருக்காது.

விழுங்கல்_தெரபிஸ்ட்_கேஎல்:

தே தாரிக்: பால் கலந்த பானத்தில் கோந்து வகைப் பொடி மெதுவாகத்தான் இறுகும். நீங்கள் தண்ணீராக இருக்கிறதே என்று இன்னொரு கரண்டி போட்டிருப்பீர்கள், பிறகு இரண்டும் சேர்ந்து களியாகிறது. டின்னில் சொன்ன அளவை மட்டும் போட்டு, நன்றாகக் கலக்கி, 5 முதல் 10 நிமிடம் விட்டு, மறுபடி கலக்கிப் பாருங்கள். மாவு வகைப் பொடி என்றால் இன்னொரு சிக்கல்: எச்சில் பட்ட கரண்டியைத் திரும்பத் திரும்பக் கோப்பைக்குள் விட்டால் எச்சிலில் உள்ள நொதி மாவைக் கரைத்துப் பானம் நீர்த்துவிடும். வாங்கும்போதே கோந்து வகையா என்று பாருங்கள்.

கண் அளவை நம்பாமல் ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சில் சோதியுங்கள். சைபரிலிருந்து 10 வரையுள்ள கோட்டின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்கவேண்டும், எல்லாச் சிரிஞ்சும் இந்த அளவில் இருக்காது. முனையை விரலால் அடைத்து 10 மில்லி ஊற்றி, விரலை எடுத்து 10 வினாடி ஓட விட்டு மறுபடி அடையுங்கள். மிச்சம் 4க்கும் 8க்கும் நடுவில் என்றால் நிலை 2. நாலுக்குக் கீழே என்றால் அம்மாவுக்கு அது தண்ணீர் பக்கம். குடிக்கும் சூட்டிலேயே சோதிக்க வேண்டும், ஆறினால் கெட்டித்தன்மை மாறும்.

ஓட்டத்தின்போது முதல் சில தடவை வெறும் எச்சில் போதும். வாய் உலர்ந்திருந்தால் ஈரப் பஞ்சால் நனையுங்கள். பிறகு தெரபிஸ்ட் ஒப்புக்கொண்டால் நிலை 2 பானம் 3 மில்லி, சின்னக் கரண்டியில். ஒவ்வொன்றுக்கும் பிறகு "ஆ" என்று சொல்லச் சொல்லுங்கள். குரல் ஈரமாகக் குளகுளவென்று கேட்டால் இருமி, மறுபடி வெறுமனே விழுங்கச் சொல்லுங்கள். மூன்று தடவை அடுத்தடுத்து அப்படி என்றால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், தசை களைத்துவிட்டது. தலைசுற்றல், நெஞ்சுப் படபடப்பு, மூச்சு இழுப்பு இருந்தால் தகட்டை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

தாதி அம்மா சொன்னதில் ஒன்றை மட்டும் திருத்துகிறேன்: ஆக்சிஜன் மீட்டரை நம்பவேண்டாம். உள்ளே இறங்கியும் எண் அசையாமல் இருப்பது சகஜம், 98 என்று பார்த்து நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். அடுத்த ஒன்றிரண்டு நாளில் காய்ச்சல், சளியின் நிறம், மூச்சு வேகம், சாப்பிடும்போது களைப்பு, இவற்றைப் பாருங்கள். வாரம் ஒருமுறை எடை.

ஓய்வுபெற்ற_தாதி:

சரிதான், ஒத்துக்கொள்கிறேன். நாடி பார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளட்டும்.

செந்தூல்_மகள்:

இரண்டு கருவியையும் இப்போதைக்கு வாங்கவில்லை. இந்த வாரத்திலிருந்து பந்தும் பலமான விழுங்கலும், அதையும் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டுவிட்டு. அடுத்த அப்பாயிண்ட்மெண்டில் என்ன கேட்கவேண்டும்?

விழுங்கல்_தெரபிஸ்ட்_கேஎல்:

மறு வீடியோ எப்போது என்று முதலில் கேளுங்கள். கையில் இருப்பது ஆறு வாரப் பழைய படம், இதற்குள் இழுப்பு தானாகவே கூடியிருக்கலாம். வீடியோ தள்ளிப்போனால் மூக்கு வழிக் கேமராவில் பார்க்கமுடியுமா என்று கேளுங்கள். நாவடி எலும்பின் இழுப்பு அதில் தெரியாது, தேக்கம் தெரியும். பிறகு, மின்தூண்டல் தரும் பயிற்சி அவர்களுக்கு உண்டா, முதல் நான்கைந்து அமர்வை அங்கேயே வைத்து அளவை எழுதித் தருவார்களா, இல்லையென்றால் கோலாலம்பூரில் யாரிடம் அனுப்புவார்கள். தினப் பதிவை எடுத்துப் போங்கள்: தேதி, எத்தனை விழுங்கல், எத்தனை இருமல், எடை. பந்தையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதிகக் காற்றடித்துக் கல் மாதிரி ஆக்கிவைத்திருப்பவர்கள்தான் அதிகம், அவர்கள் அமுக்கிப் பார்த்துச் சொல்வார்கள்.